இடது பக்கம் ஒடித்தால் டக் டக்

ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து வண்டியை நகர்த்தினால் முன்னால் எங்கிருந்தோ டக், டக், டக். பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு நறுக்குவதுபோல் காய்ந்த சத்தம். நேர் சாலையில் ஒன்றும் இல்லை. வலது பக்கம் ஒடித்தால் எப்போதாவது ஒன்றிரண்டு. வேகம் கூடக்கூட டக்கும் நெருங்கி வரும். வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும்.

வண்டி பதினோரு வயதான சிறிய ஹேட்ச்பேக். மீட்டரில் 93,000 கிலோமீட்டர். முதலில் காட்டிய இடம் கண்ணாடிக் கதவும் காப்பி மெஷினும் வைத்த ஒரு சர்வீஸ் சென்டர். அங்கிருந்த இளைஞர் வண்டியை வாசலிலிருந்து கேட் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் டிரைவ் ஷாப்ட், இரண்டு பக்கமும் வீல் பேரிங், கூலி, வரி எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய். “சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “சவுண்டை வெச்சே தெரிஞ்சிரும் சார்” என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

போனில் கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரு சூத்திரம் மனப்பாடமாக இருந்தது. இடது பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் வலது டிரைவ் ஷாப்டின் சக்கரத்துப் பக்க ஜாயிண்ட் போச்சு. வலது பக்கம் திரும்பும்போது வந்தால் இடது ஜாயிண்ட். காரணம் கேட்டால், திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்பக்கம் சாய்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பத்தில் அதிகம் வளைவது உள்பக்கச் சக்கரம். உள்பக்கம் சின்ன வட்டம், வெளிப்பக்கம் பெரிய வட்டம் என்பதால் ஸ்டீயரிங்கையே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். எஞ்சினின் இழுவையை டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமாகத்தான் பங்கு போடுகிறது. அப்புறம் வெளிப்பக்க ஜாயிண்ட் மட்டும் ஏன் கத்த வேண்டும்? சூத்திரம் சொன்ன யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பெரம்பூரில் ரயில்வே காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு காலி மைதானம். காலை ஆறரைக்கு அங்கே கிரிக்கெட் பையன்கள்கூட வந்திருக்கவில்லை. துணைக்கு அக்கா பையன். முதலில் வீல் கப்புகளைக் கழற்றி டிக்கியில் போட்டோம். கிளிப் உடைந்த பிளாஸ்டிக் கப் ஒன்று போதும், இதே சத்தத்தைக் கொடுக்கும். டயரின் பள்ளங்களில் சிக்கியிருந்த ஜல்லிகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தோம். முன்பக்க இடது டயரில் மட்டும் நான்கு கல். சக்கர நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தோம், எதுவும் தளர்ந்திருக்கவில்லை. கல்லும் கப்பும் நேர் சாலையிலும் சத்தம் போடும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் செலவில்லாத வேலையை முதலில் முடித்துவிடுவது நல்லது.

பிறகு கண்ணாடிகளை இறக்கி, ஏசியையும் ரேடியோவையும் அணைத்து, முதல் கியரில் இடது பக்கமாக வட்டம் போட்டேன். பையன் இரண்டடி தள்ளி முதலில் இடது முன்சக்கரத்தோடு நடந்தான், அடுத்த வட்டத்தில் வலது முன்சக்கரத்தோடு. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் டேஷ்போர்டு முழுவதிலிருந்தும் வருகிற மாதிரிதான் இருக்கும். வெளியே நடப்பவன் காதுக்கு அந்தக் குழப்பம் இல்லை. “மாமா, இந்தப் பக்கந்தான், சத்தியமா இந்தப் பக்கந்தான்” என்று இடது பக்கம் நின்றுகொண்டு சொன்னான். ரிவர்ஸ் போட்டு அதே வட்டத்தைப் பின்னால் எடுத்தபோது சத்தம் இன்னும் கூர்மையாகக் கேட்டது. ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து வண்டியைச் சும்மா உருளவிட்டால் பாதிக்கு மேல் அடங்கியது. மறுபடி கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் டக், டக். பேரிங்காக இருந்தால் இப்படி நடக்காது. பேரிங் போனால் ஊம் என்று ஒரே சீரான இரைச்சல், வேகத்தோடு ஏறும். இழுவை இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. 21,400 ரூபாய்த் தாளில் பேரிங் எப்படி வந்தது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்து வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டுக் கீழே இறங்கிக் குனிந்தேன். வலது பக்கம் ஒடித்தால் இடது சக்கரத்தின் முன்பகுதி உள்ளே போய்ப் பின்பகுதி வெளியே தள்ளி வரும். அந்த இடைவெளியில் போன் டார்ச்சை அடித்தால் போதும், ஜாக்கி வேண்டாம். சக்கரத்துக்குள் போகிற தடிமனான கம்பிதான் டிரைவ் ஷாப்ட், பட்டறைகளில் ஆக்சில். அதன் முனையில் ஜாயிண்டை மூடி மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் உறை. இதைத்தான் பூட் என்கிறார்கள். சக்கரத்தை ஒட்டிய முதல் மடிப்பின் பள்ளத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. கம்பி சுற்றும்போது பிளவின் வழியாகக் கிரீஸ் விசிறி அடித்திருக்கிறது. ரிம்மின் உள்பக்கம், ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பாதி, பிரேக் காலிப்பரின் முதுகு எல்லா இடத்திலும் கறுப்புப் பிசுக்கு, அதன்மேல் தெருப்புழுதி. விரலால் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தேன். கிரீஸ் வழுக்கவில்லை, நறநறவென்றது.

வலது பக்கம் போய் அதேபோல் பார்த்தேன். ரப்பர் பழசுதான், நிறம் வெளுத்திருந்தது. ஆனால் பிளவு இல்லை, பிசுக்கு இல்லை, ரிம் உலர்ந்திருந்தது.

அங்கிருந்து நேராகப் புதுப்பேட்டைப் பட்டறைக்குக் கிளம்பினேன், ஏழு கிலோமீட்டர் சொச்சம். புரசைவாக்கம், டவுட்டன், எழும்பூர் வழி. முப்பதைத் தாண்டாமல், திருப்பங்களில் காலை எடுத்துவிட்டு ஓட்டினேன். சத்தம் போடும் ஜாயிண்ட் அன்றைக்கே உடைந்துவிடும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் ஓடுகிற வண்டிகளும் உண்டு. ஆனால் உடைந்தால் எஞ்சின் உறுமும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. ஒரு பக்கம் விட்டுவிட்டால் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கத்தையே வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும், நன்றாக இருக்கிற மறுபக்கமும் சேர்ந்து படுத்துவிடும். இது டவுட்டன் சிக்னலில் நடப்பதை நான் விரும்பவில்லை.

புதுப்பேட்டையை அறியாத வண்டிக்காரர் சென்னையில் குறைவு. கூவத்தை ஒட்டிய தெருக்களில் இரண்டு பக்கமும் பிரித்த வண்டிகளின் கதவுகள், பம்பர்கள், சைலன்சர்கள் சரம் சரமாகத் தொங்கும். பழைய எண்ணெய், வெல்டிங் புகை, கூவம் மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை. காலை ஒன்பதரைக்கே டூவீலர் நிறுத்த இடம் இல்லை. நான் தேடிப் போன பட்டறை பிரதான சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே. தகரக் கூரை, ஒரு வைஸ், ஒரு பெரிய ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு. பட்டறைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டிய வயது, காதோரம் பென்சில். கூட ஒரு பட்டறைப் பையன்.

தாளை எடுத்துக் காட்டினேன். பாய் அதைப் படிக்கவே இல்லை. “வண்டியைத் திருப்புங்க சார், நான் உக்கார்றேன்” என்று ஏறிக்கொண்டார். சந்தின் முனையில் குப்பை லாரி திரும்பும் அகலமான இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வலதும் இடதுமாக ஒடிக்கச் சொன்னார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, பானட்டைத் திறந்து, என் கையை இழுத்து ஷாக் அப்சார்பர் உச்சியிலுள்ள கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டு, பையனை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து நின்ற இடத்திலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒடிக்கச் சொன்னார். உள்ளங்கையில் ஒரு டொக்.

“இது வேற, அது வேற. வண்டி நிக்கும்போது வர்றது மேல மவுண்ட். வண்டி உருளும்போது வர்றது ஜாயிண்ட். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.”

மவுண்டையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். “ஆட்டம் இல்ல. அடுத்த வருஷம் வாங்க” என்றார். மேட்டில் பள்ளத்தில் விழும்போது கடகட என்று வந்தால் லிங்க் ராடு. நேர் சாலையில் மிதிக்கும்போது ஸ்டீயரிங், சீட் எல்லாம் நடுங்கி, காலை எடுத்தால் அடங்கினால் ஆக்சிலின் உள்பக்க ஜாயிண்ட், அதாவது கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட் என்றும் சொன்னார். இதையெல்லாம் அவர் சொன்னதைவிட, அந்த உள்ளங்கை டொக்தான் என்னை நம்பவைத்தது.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு வந்தோம். பாய்க்கும் அதே சூத்திரம்தான். “லெஃப்ட்ல ஒடிச்சா சவுண்டுன்னா ரைட்டு ஆக்சில்தான் சார், பெரும்பாலும்.” அந்தப் ‘பெரும்பாலும்’ எனக்குப் பிடித்தது. இடது பூட்டின் பிளவைப் பற்றிச் சொன்னேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றினார்கள். பாய் வலது ஆக்சிலின் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஹப்பை மறுகையால் முன்னும் பின்னும் முறுக்கினார். அசைவே தெரியவில்லை. இடது பக்கம் வந்து அதையே செய்தார். கிளிக், கிளிக். என்னையும் செய்து பார்க்கச் சொன்னார். கம்பி நிற்கிறது, ஹப் ஒரு நூல் அளவு போய் இடித்துத் திரும்புகிறது. “அப்ப லெஃப்ட்டுதான்” என்று பாய் சூத்திரத்தை அங்கேயே கைவிட்டார். வருத்தமெல்லாம் இல்லை. வீல் பேரிங்குகளையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டி, கையால் சுழற்றிக் காட்டினார். இரண்டும் சத்தமில்லாமல் சுற்றின.

நேரம் பிடித்தது கழற்றுவதுதான். ஹப்பின் நடுவிலுள்ள பெரிய நட்டின் உதட்டை உளி வைத்து நிமிர்த்தினார் பாய். பிறகு சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சாக்கெட் கைப்பிடியில் நான்கடி நீளக் குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். தொங்கவிட்ட நிலையில் இந்த நட்டை அசைக்கப் போனால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியும். அதற்குத்தான் இந்த ஏற்ற இறக்கம். மறுபடி ஏற்றி, கியர் ஆயிலை வெட்டிய கேனில் வடித்தார்கள். காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. கீழ் ஆர்மின் பால் ஜாயிண்டைப் பிரித்து, ஹப்பை வெளியே சாய்த்து, கியர்பாக்ஸ் பக்கம் சின்னக் கடப்பாரையைக் கொடுத்து ஒரே நெம்பு. ஆக்சில் கையோடு வந்துவிட்டது.

வைஸில் பிடித்து, பூட்டின் மிச்சத்தைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு, பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டு. வெளி ஜாயிண்ட் கழன்று பனியன் வேஸ்ட்டில் விழுந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். “தூக்கிப் போடற சாமானுக்கு எதுக்கு சார்?” என்றான் பையன். பாய் ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டு நிறையப் பெட்ரோலை எடுத்து வரச் சொன்னார்.

கழுவியபிறகு அது அழகான சாமான். வெளியே ஒரு கிண்ணம், அதன் உள்சுவரில் ஆறு வளைந்த தடங்கள். நடுவில் கம்பி நுழையும் ஒரு குமிழ், அதன்மேலும் ஆறு தடங்கள். இரண்டுக்கும் இடையில் ஆறு ஜன்னல் வைத்த வளையம், ஜன்னலுக்கு ஒன்றாக ஆறு பால்ரஸ் குண்டு. பாய் நடுக் குமிழை ஒரு பக்கம் சாய்க்கச் சாய்க்க எதிர்ப்பக்கத்து ஜன்னல் கிண்ணத்துக்கு மேலே வரும். அந்தக் குண்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி எடுப்பார். நான்கு குண்டுகள் பளபளப்பாக வந்தன. இரண்டில் மங்கல் திட்டுகள். கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பினேன். தடங்கள் ஒவ்வொன்றின் நடுப்பகுதியிலும் குண்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நீள்வட்டப் பள்ளம். பள்ளத்தின் கரையில் நகத்தை வைத்து இழுத்தேன், நகம் சிக்கியது. வளையத்தின் ஜன்னல்களில் குண்டை வைத்தால் இறுக்கமாக நிற்க வேண்டும். ஒரு ஜன்னலில் குண்டு லொடலொடத்தது.

சத்தம் எப்படி வருகிறது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் நேராக இருக்கும்போது குண்டுகள் தடத்தின் நடுவிலேயே தங்கிவிடுகின்றன. பள்ளத்துக்குள்ளேயே குந்தியிருப்பதால் சத்தம் இல்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தடத்தில் முன்னும் பின்னும் போய்வந்தாக வேண்டும். போகும்போது பள்ளத்தின் கரையில் ஏறி இறங்குகிறது. இழுவை இருக்கும்போது அழுத்தத்தோடு ஏறுகிறது. அதுதான் டக்.

இந்தக் குண்டு ஜாயிண்ட் ஒருகாலத்தில் பாய்க்கும் புதுசு. அவர் வேலை பழகியது அம்பாசிடரிலும் பத்மினியிலும். அந்த வண்டிகளில் எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்துக்கு. நடுவே நீளமான புரொப்பெல்லர் ஷாப்ட், அதன் முனைகளில் கிராஸ். சிலுவை வடிவத்தில் இருக்கும் அந்த ஜாயிண்ட் சின்னச் சாய்வைத் தாங்கும். ஆனால் சாய்வு கூடினால் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டீயரிங் திருப்பும் முன்சக்கரத்தில் அதை வைத்தால் கை உதறும். ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஆல்ஃபிரட் செப்பா என்ற எஞ்சினியர் 1920களில் இந்தக் குண்டு ஜாயிண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். எவ்வளவு சாய்த்தாலும் உள்ளே போகிற வேகமே வெளியே வரும். 1959இல் இங்கிலாந்தின் மினி கார் இதை முன்சக்கரங்களில் வைத்து லட்சக்கணக்கில் ஓட்டிக் காட்டியது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு முன்சக்கர இழுவை வந்தது 1983 டிசம்பரில் வெளியான மாருதி 800க்குப் பிறகு. “மாருதி வந்தப்ப இந்த பூட்டைப் பாத்துட்டு, இது எதுக்குடா ரப்பர்னு சிரிச்சோம் சார்” என்றார் பாய்.

சாமான் வாங்கக் கிளம்பினேன். நூறடி தள்ளி ஒரு காயலான் கடை. என் வண்டியின் ஆக்சில் முழுசாக இருக்கிறது, 1,800 ரூபாய் என்றார்கள். “ஆக்சிடென்ட் வண்டி சார், முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, சாமான் புத்தம் புதுசு.” கையில் வாங்கிப் பார்த்தேன். பூட் புதுசுதான். கிளாம்ப் பளபளத்தது, அதன் முனை வெட்டிய தடம்கூட ஆறவில்லை. முப்பதாயிரம் ஓடிய ஆக்சிலுக்கு எதற்குப் புதுப் பூட்? கம்பியைத் தொடை இடுக்கில் அணைத்துக்கொண்டு கிண்ணத்தை முன்னும் பின்னும் முறுக்கினேன். கிளிக். “அது அப்படித்தான் சார் இருக்கும்” என்றார் கடைக்காரர். திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். “போணி நேரம் சார், 1,200 குடுங்க” என்று குரல் பின்னால் வந்தது.

அங்கிருந்து ஜி.பி. ரோடு ஆட்டோவில் 60 ரூபாய். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்ற முழுப்பெயர் போர்டுகளில் மட்டும்தான். புதுச் சாமான் எல்லாம் இங்கே. மூன்று கடை ஏறி இறங்கியதில் விலை இப்படி இருந்தது: பெயர் தெரியாத பெட்டியில் வெளி ஜாயிண்ட் 1,150, பெயர் தெரிந்த பெட்டியில் 1,850, வண்டிக் கம்பெனியின் பெட்டியில் முழு ஆக்சிலாகத்தான் வரும், 6,800. கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, “பழசைக் கொண்டாந்தீங்களா?” பையிலிருந்து எடுத்து வைத்தேன். புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஸ்ப்லைன் பற்களை எண்ணி, கிண்ணத்தின்மேல் ஏபிஎஸ் பல்வளையம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பல் எண்ணிக்கை மாறுகிறதாம்; போனில் மாடல் பெயர் சொல்லி வாங்கிப் போகிறவர்கள் மாலையில் திரும்பி வருவார்களாம். 1,150 பெட்டியையும் திறந்து காட்டச் சொன்னேன். பூட் ரப்பரை விரலால் மடக்கினால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. 1,850 பெட்டியில் விழவில்லை. அதையே வாங்கினேன். ஜாயிண்ட், பூட், இரண்டு கிளாம்ப், சர்க்கிளிப், புது நட், ஒரு கிரீஸ் பாக்கெட் எல்லாம் உள்ளேயே இருந்தன. கியர்பாக்ஸ் ஆயில் சீல் தனியாக 140.

பட்டறைக்குத் திரும்பியபோது பையன் அலமாரியிலிருந்து மஞ்சள் கிரீஸ் டப்பாவை எடுத்துத் தயாராக வைத்திருந்தான். பாக்கெட் கிரீஸ் பத்தாதாம். பாய் டப்பாவைத் தூர வைத்தார். ஜாயிண்டுக்கு வருவது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்புக் கிரீஸ். குண்டும் தடமும் உரசுகிற அழுத்தத்துக்கு அதுதான் தாங்கும், சாதாரணக் கிரீஸைச் சேர்த்தால் இரண்டும் கெடும் என்றார். பாக்கெட்டின் மூலையை வெட்டி, பாதியைக் கிண்ணத்துக்குள் குண்டுகளின் இடுக்குகளில் அமுக்கினார். மீதியைப் பூட்டுக்குள் பிழிந்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

சின்னக் கிளாம்பை இறுக்குமுன் பூட்டின் வாய்க்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஒரு நிமிடம் வைத்திருந்தார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. “இதை விடாம மூடுனா மடிப்பு உள்ள இழுத்துக்கும், ஆறே மாசத்துல அங்கயே கிழியும்” என்றார். கிழிந்த பழைய பூட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிளவின் பக்கத்து மடிப்பு ஒன்று உள்நோக்கிச் சப்பியிருந்தது. போன தடவை யார் மாட்டினார்களோ, அவர்கள் காற்றை விட்டார்களா என்பதை அந்த ரப்பரிடமே கேட்டுக்கொள்ளலாம். கிழிந்த இடம் மழைக்காலத்துத் தெருத்தண்ணீரையும் மணலையும் நேராக உள்ளே வாங்கியிருக்கிறது. கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. குண்டு எப்படி நிற்கும்?

ஆக்சிலை ஏற்றும்போது புது ஆயில் சீலின் உதட்டில் படாமல் பையன் கம்பியைத் தாங்கிப் பிடித்தான். உள்ளே தள்ளியதும் சர்க்கிளிப் விழுகிற சின்னச் சத்தம். பாய் திருப்தியில்லாமல் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி நட்டை இறுக்கி, உதட்டை உளியால் மடக்கினார். புது கியர் ஆயில் ஊற்றினார். வலது பூட்டை என்ன செய்வது என்று கேட்டேன். “கிழியட்டும், அப்பறம் பாப்போம்னு விட்டுடாதீங்க. ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் டார்ச் அடிச்சுப் பாருங்க.”

மறுபடியும் குப்பை லாரி திரும்பும் இடம். இடது பக்கம் முழுசாக ஒடித்து முதல் கியரில் ஒரு வட்டம், ரிவர்ஸில் ஒரு வட்டம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டேன். டயர் மண்ணை அரைக்கிற சத்தம் மட்டும். வண்டியை நிறுத்தி நின்ற இடத்தில் ஒடித்தால் மேலே மவுண்டின் டொக் அப்படியே இருந்தது. பாய் சொன்னபடி இரண்டும் வேறுதான்.

ஜாயிண்ட் பெட்டி 1,850, சீல் 140, கியர் ஆயில் 760, கூலி 800. மொத்தம் 3,550 ரூபாய், ஆட்டோக் காசு தனி. சட்டைப் பையில் இருந்த 21,400 ரூபாய்த் தாளில் எழுதியிருந்த நான்கு சாமான்களில் மூன்றுக்கு வேலையே இல்லை. நான்காவதிலும் பாதிதான் போயிருந்தது. பெரிய இடங்கள் முழு ஆக்சிலாக மாற்றுவதற்குக் காரணம் உண்டு. நேரம் மிச்சம், இரண்டு முனையும் புதுசு, திரும்பி வந்து கேட்கும் தொல்லை குறைவு. அதை நான் குறை சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே இரண்டு பக்கமும் போச்சு என்று எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை.

கிளம்பும்போது ஒரு கணக்கையும் கேட்டுக்கொண்டேன். பூட் கிழிந்து, சத்தம் ஆரம்பிக்காத நிலையில் வந்திருந்தால்? பூட், கிளாம்ப், கிரீஸ் சேர்ந்த செட் 350 ரூபாய், அதே கூலி, அதே சீல், அதே ஆயில். ஜாயிண்டைக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, பூட் மாட்டி அனுப்பியிருப்பார். 1,500 ரூபாய் மிச்சம். சத்தம் வந்தபிறகு பூட்டை மட்டும் மாற்றுவது வீண். பள்ளம் விழுந்த தடத்தைக் கிரீஸ் நிரப்பாது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்துவிட்டு, இறங்கிப் போய் இடது முன்சக்கரத்தின் பின்னால் டார்ச் அடியுங்கள். பிறகு இடது பக்கம் ஒடித்து வலது சக்கரத்தின் பின்னால். பார்க்க வேண்டியது சக்கரத்தை ஒட்டிய முதல் இரண்டு மடிப்புகளின் பள்ளத்தையும், ரிம்மின் உள்பக்கத்தையும். அங்கே கறுப்புப் பிசுக்கு தெறித்திருந்தால் அந்த வாரமே பட்டறைக்குப் போங்கள். சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், எந்தப் பக்கம் என்று யார் சொன்னாலும், கம்பியைப் பிடித்து ஹப்பை முறுக்கிக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.